கண் காணும் பக்கமும் கணிப்பொறி காணும் பக்கமும்

தமிழ்க் கட்டுரை ஒன்று அடங்கிய பிடிஎஃப் கோப்பைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் 'தோழி' என்ற சொல் வரும் இடத்தைக் கண்டுபிடித்து, அச்சொல்லை மட்டும் நகலெடுத்து, வேறொரு வெற்றுப் பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள். சில கோப்புகளில் தோழி தோழியாகவே வந்து சேர்வாள். சிலவற்றில் இரட்டைக் கொம்பு ஒன்று முன்னால் தனியே நிற்க, அதன் பின் 'தாழி' என்று வரும். வேறு சிலவற்றிலோ தமிழே இராது. பொருளற்ற ரோமன் எழுத்துகள் வந்து விழும். திரையில் பார்த்தால் பிழை இல்லை. தாளில் அச்சிட்டாலும் பிழை இல்லை. நகலில் மட்டும் ஏன் இந்தக் குழப்பம்?

இது வேடிக்கையான சிறு கோளாறு அன்று. ஆய்வேடுகள், அரசாணைகள், பாடநூல்கள், நூலகங்கள் மின்வடிவில் சேர்த்துவைக்கும் பழைய இதழ்கள் ஆகியவற்றில் பெரும்பகுதி இன்று பிடிஎஃப் கோப்புகளாகவே உள்ளன. தோழி தாழியாகிவிட்ட கோப்பில் 'தோழி' என்று தேடினால் 'இல்லை' என்றே விடை வரும். பார்வையற்ற மாணவர் ஒருவர் படித்துக்காட்டும் மென்பொருளின் துணையோடு அந்தப் பாடநூலைக் கேட்க முயன்றால், புரியாத ஒலிகளே அவர் காதில் விழும். கண்ணால் படிப்பவர்களுக்கோ அப்பக்கத்தில் குறை இருப்பதே தெரியாது.

காரணத்தை அறிய வேண்டுமானால், ஒரு பக்கம் கணிப்பொறியிலிருந்து தாளுக்கு எவ்வாறு போய்ச் சேர்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

நிறுத்த முடியாத உருளை

1938-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள். நியூயார்க் நகரின் அஸ்டோரியா பகுதியில் செஸ்டர் கார்ல்சன் என்பவர், கந்தகம் பூசிய துத்தநாகத் தகடு ஒன்றைக் கைக்குட்டையால் தேய்த்து அதில் நிலைமின்னேற்றம் உண்டாக்கினார். எழுத்து எழுதிய கண்ணாடித் துண்டை அதன்மேல் வைத்து ஒளி பாய்ச்சினார். ஒளி பட்ட இடங்களில் மின்னேற்றம் நீங்கிவிட்டது. எழுத்தின் நிழல் விழுந்த இடங்களில் மட்டும் தங்கிற்று. நுண்ணிய தூளைத் தூவி ஊதியபோது, மின்னேற்றம் தங்கிய இடத்தில் தூள் ஒட்டிக்கொண்டு எழுத்தாகத் தெரிந்தது. அதை மெழுகுத்தாளில் ஒற்றி எடுத்தார். அன்றைய தேதியும் அந்த ஊரின் பெயருமே உலகின் அந்த முதல் உலர் நகலில் இருந்தவை. தெருமுனைக் கடையில் நாம் 'ஜெராக்ஸ்' எடுப்பது இதன் வழிவந்த முறையே.

நகலெடுக்கும் பொறியில், மூலத்தாளிலிருந்து திரும்பும் ஒளி உருளையின் மீது விழுகிறது. மூலத்தாளே இல்லாமல், கணிப்பொறி ஆட்டுவிக்கும் லேசர்க் கதிரைக் கொண்டு உருளையில் நேரே எழுதினால் என்ன என்று கேட்டவர், ஜெராக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய கேரி ஸ்டார்க்வெதர். 1971-இல் அவர் கலிபோர்னியாவில் உள்ள அந்நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்துக்கு மாறி, லேசர் அச்சுப்பொறியை அங்கே உருவாக்கினார். 1977-இல் அது விற்பனைக்கு வந்தது.

இன்றைய லேசர் அச்சுப்பொறியின் உள்ளே பல பட்டைகள் கொண்ட கண்ணாடி ஒன்று அதிவேகமாகச் சுழல்கிறது. அதில் பட்டுத் திரும்பும் லேசர்க் கதிர், உருளையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கோடு கோடாக ஓடுகிறது. ஓடும்போதே அணைந்து அணைந்து எரிகிறது. கதிர் பட்ட புள்ளிகளில் மின்னேற்றம் நீங்குகிறது. உருளையில் எஞ்சியுள்ள மின்னேற்றமும் மைத்தூளின் மின்னேற்றமும் ஒரே வகையானவை. ஆகவே தூள் மற்ற இடங்களால் விலக்கப்பட்டு, கதிர் பட்ட புள்ளிகளில் மட்டும் ஒட்டுகிறது. அங்கிருந்து தாளுக்கு மாறி, ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள உருளைகளுக்கிடையே உருகித் தாளோடு பற்றிக்கொள்கிறது. அச்சாகி வரும் தாள் கையில் சுடுவது இதனால்தான்.

இங்கே ஒரு செய்தியை மனத்தில் கொள்ளுங்கள். ஊசிகளால் அடித்து எழுதும் பழைய புள்ளி அச்சுப்பொறி, அடுத்த வரி வரவில்லையென்றால் காத்திருக்கும். லேசர் அச்சுப்பொறியின் உருளை காத்திராது. சுழலத் தொடங்கிவிட்டால் பக்கம் முடியும்வரை நிறுத்த முடியாது. எனவே எந்தப் புள்ளி கறுப்பு, எந்தப் புள்ளி வெள்ளை என்ற விவரம் முழுப் பக்கத்துக்கும் முன்கூட்டியே ஆயத்தமாக இருந்தாக வேண்டும். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கொண்டால், ஏ4 தாளின் குறுக்கே 2480, நெடுக்கே 3508 புள்ளிகள். பெருக்கினால் ஏறத்தாழ 87 இலட்சம். அங்குலத்துக்கு 600 புள்ளி என்றால் இது நான்கு மடங்காகும். 1980-களின் கணிப்பொறிகளுக்கும் இணைப்புக் கம்பிகளுக்கும் இது மலை போன்ற சுமை.

கோலத்தைச் சொல்லி அனுப்புதல்

வெளியூரில் இருக்கும் தங்கைக்கு ஒரு கோலத்தைத் தெரிவிக்க வேண்டும். இரண்டு வழிகள் உண்டு. கோலத்தையே படமாக எடுத்து அனுப்பலாம். அல்லது, 'பதினைந்து புள்ளி, ஊடுபுள்ளி எட்டு வரை. முதல் புள்ளியிலிருந்து மூன்றாம் புள்ளிக்கு வளைத்து இழு' என்று சொல்லி அனுப்பலாம். சொல்லி அனுப்பினால் செய்தி சிறியது. அது மட்டுமன்று, தங்கை சிறு முற்றத்தில் சிறிதாகவும் கோயில் வாசலில் பெரிதாகவும் அதே கோலத்தைப் போட்டுக்கொள்ளலாம். படத்தைப் பெரிதாக்கினால் ஓரங்கள் சிதையும். சொல்லைப் பெரிதாக்கினால் எதுவும் சிதையாது.

பக்கத்தையும் இவ்வாறே சொல்லி அனுப்பலாம் என்று கண்டவர்களுள் ஜான் வார்னாக், சார்லஸ் கெஷ்கி ஆகிய இருவர் முக்கியமானவர்கள். பாலோ ஆல்டோ மையத்தில் அவர்கள் உருவாக்கிய முறையை வெளியிட ஜெராக்ஸ் தயங்கவே, 1982-இல் அங்கிருந்து விலகி அடோபி என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். வார்னாக்கின் வீட்டுக்குப் பின்னால் ஓடிய ஓடையின் பெயர் அது. 1984-இல் அவர்கள் வெளியிட்ட பக்க வருணனை மொழியே போஸ்ட்ஸ்கிரிப்ட்.

அம்மொழியில் ஒரு சிறு கோடு வரைவதைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: '72 72 செல், 144 72 வரை கோடு இழு, மை பூசு, பக்கத்தை வெளியிடு.' எண்கள் முதலில், வினை கடைசியில். கூட்டலும் அப்படித்தான்: '3 4 கூட்டு'. ஆங்கிலேயருக்கு இது தலைகீழாகத் தோன்றும். வினைமுற்றை வாக்கியத்தின் இறுதியில் வைத்துப் பேசும் நமக்கு இதைவிட இயல்பான மொழி இல்லை எனலாம். பக்கத்தின் இடது கீழ்மூலையிலிருந்து அளவு தொடங்குகிறது. ஓர் அங்குலம் 72 அலகு. எனவே மேலே சொன்ன கோடு, ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளித் தொடங்கி ஓர் அங்குல நீளம் ஓடும். 300 புள்ளிப் பொறியோ, 2540 புள்ளிப் பொறியோ, சொல் ஒன்றே. தத்தம் புள்ளிகளில் அதை எப்படி வரைவது என்பது அந்தந்தப் பொறியின் பொறுப்பு.

எழுத்துகளுக்கும் இதே முறை. 'அ' என்ற எழுத்தின் விளிம்பு சில நேர்கோடுகளாகவும் சில வளைகோடுகளாகவும் எழுதிவைக்கப்படுகிறது. இவ்வளைகோடுகளைக் கணித முறையில் வகுத்தவர்கள் பிரெஞ்சுக் கார் தொழிற்சாலைப் பொறியாளர்கள் என்பது வியப்பான செய்தி. ரெனோ நிறுவனத்தின் பியர் பெசியேயும், சிட்ரோவன் நிறுவனத்தின் பால் டி காஸ்டல்ஜோவும் காரின் வளைந்த உடலை வடிவமைக்க இவற்றைக் கண்டனர். கார்க் கதவின் வளைவுக்கு உதவிய அதே கணக்கு இன்று 'ண' என்ற எழுத்தின் சுழிகளுக்கும் உதவுகிறது.

கணக்கு அழகானதுதான், தாளில் இறங்கும்போதுதான் தொல்லை. 10 புள்ளி அளவு எழுத்துக்கு 300 புள்ளிப் பொறியில் கிடைப்பது ஏறத்தாழ 42 புள்ளி உயரமே. 'ய' எழுத்தில் செங்குத்துக் கோடுகளின் தடிமன் இரண்டரைப் புள்ளி என்று வந்தால், அரைப் புள்ளியை வைக்க முடியாதாகையால், ஒரு கோடு இரண்டு புள்ளியாகவும் மற்றொன்று மூன்று புள்ளியாகவும் அமைந்து எழுத்து நொண்டும். இவ்விரு கோடுகளும் ஒரே தடிமனாக வர வேண்டும் என்பது போன்ற குறிப்புகளை எழுத்துருவுக்குள்ளேயே புதைத்து வைத்தது அடோபி. தெளிவான சிறிய எழுத்துகளின் இரகசியம் இதுவே.

1985-இல் ஆப்பிள் நிறுவனம் போஸ்ட்ஸ்கிரிப்ட் அறிந்த லேசர்ரைட்டர் அச்சுப்பொறியை 6,995 டாலர் விலையில் வெளியிட்டது. அதனோடு இணைந்து இயங்கிய மெக்கின்டாஷ் கணிப்பொறியைவிட அந்த அச்சுப்பொறியின் மூளை வேகமானது. 12 மெகாஹெர்ட்சுச் செயலியும் ஒன்றரை மெகாபைட் நினைவகமும் அதில் இருந்தன. வேலைக்காரன் எசமானனைவிடக் கெட்டிக்காரன்! ஒரு பக்கத்தின் புள்ளிகளை அடுக்கிவைக்க மட்டும் ஒரு மெகாபைட்டுக்கு மேல் வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால் இது வியப்பாகத் தோன்றாது.

ஓடும் நிரலும் உறைந்த பக்கமும்

போஸ்ட்ஸ்கிரிப்ட் முழுமையான நிரல் மொழி. 'இதை நூறு முறை செய்' எனலாம். 'இப்படியானால் அதைச் செய்' எனலாம். இதுவே அதன் வலிமை. இதுவே அதன் குறை. ஐம்பதாம் பக்கம் எப்படியிருக்கும் என்று அறிய, பொதுவாக அதற்கு முந்தைய நாற்பத்தொன்பது பக்கங்களின் கட்டளைகளையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். முடிவே இல்லாமல் சுற்றும் நிரலை அனுப்பிவிட்டாலோ, அச்சுப்பொறி விழிபிதுங்கி நின்றுவிடும்.

1991-இல் வார்னாக் ஒரு குறிப்பு எழுதினார். எந்தக் கணிப்பொறியிலும், எந்த அச்சுப்பொறியிலும், எழுதியவர் கண்டபடியே ஒரு பக்கத்தைக் காட்டும் கோப்பு வேண்டும் என்பது அதன் சாரம். நிரலின் சுற்றுகளையும் நிபந்தனைகளையும் நீக்கி, 'இங்கே இந்த வடிவத்தை வை' என்ற கட்டளைகளை மட்டும் நிறுத்தி, பக்கங்களைத் தனித்தனியே பிரித்து, தேவையான எழுத்துருவையும் உள்ளேயே அடக்கி 1993-இல் வெளிவந்தது பிடிஎஃப். எந்தப் பொருள் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்ற அட்டவணையைக் கோப்பின் கடைசியில் வைத்தனர். அதனால் பிடிஎஃப் கோப்பைத் திறக்கும் மென்பொருள் முதலில் பார்ப்பது வாலைத்தான். ஆயிரம் பக்க நூலில் எண்ணூறாம் பக்கத்துக்கு நொடியில் தாவ முடிவது இதனால். 2008-இல் பிடிஎஃப் பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பின் தரமாயிற்று. அதன்பின் அது ஒரு நிறுவனத்தின் தனிச்சொத்து அன்று.

வார்னாக் கேட்டது கிடைத்தது: எழுதியவர் கண்டபடியே பக்கம். எழுதியவர் எண்ணியபடியே எழுத்து என்பது வேறு செய்தி. அதை அவர் முதலில் கேட்கவில்லை.

தோழி தாழியான கதை

யூனிகோடு என்னும் ஒருங்குறி முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. 1991-இல் வந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. நீங்கள் 'தோழி' என்று தட்டச்சு செய்தால் கணிப்பொறி சேமிப்பது நான்கு எண்கள்: தகரத்துக்கு 2980, ஓகாரக் குறிக்கு 3019, ழகரத்துக்கு 2996, இகரக் குறிக்கு 3007. நாம் உச்சரிக்கும் வரிசை இது. முதலில் மெய், அடுத்து உயிர்.

காகிதத்தில் வரிசை வேறு. முதலில் இரட்டைக் கொம்பு, அடுத்து 'த', பின்னர் துணைக்கால், பின்னர் 'ழி'. ஓகாரக் குறி என்ற ஒரே எண் இரண்டு வடிவங்களாக உடைந்து, எழுத்தின் இருபுறமும் போய் அமர்கிறது. பக்கத்தை வரையும் பிடிஎஃப் கோப்புக்கு வேண்டுவது வடிவங்களே. அது 'கொம்பை வை, தகரத்தை வை, காலை வை' என்று எழுதிக்கொள்கிறது. எந்த வடிவம் எந்த எழுத்தைக் குறிக்கும் என்று சொல்லும் அட்டவணை ஒன்றையும் எழுத்துருவோடு சேர்த்து வைக்கலாம். ஆனால் அந்த அட்டவணை ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனியே விடை சொல்வது. 'இக்கொம்பு அடுத்து வரும் எழுத்துக்குப் பின்னால் போக வேண்டியது' என்று சொல்ல அதில் இடமில்லை. ஆகவே நகலெடுக்கும் மென்பொருள் வடிவங்களைக் கண்ட வரிசையிலேயே திருப்பித் தருகிறது: 3015, 2980, 3006, 2996, 3007. கொம்பு அநாதையாக முன்னால் நிற்க, தகரமும் காலும் சேர்ந்து 'தா' ஆகிவிடுகிறது. தோழி தாழியானாள்!

முன்னால் வேறொரு மெய் இருந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். 'படகோட்டி'யை எடுத்துக்கொள்ளுங்கள். ககரத்தின் கொம்பு அதற்கு முந்தைய டகரத்தைப் பற்றிக்கொண்டு 'படேகாட்டி' என்று வரும். தனியே தொங்கும் கொம்பைக் கண்டால் பிழையென்று தெரியும். இங்கே அந்த அடையாளமும் இல்லை. திருத்துவதற்கு நிரல் எழுதுபவர், இந்த 'டே' உண்மையான டே-யா, வந்து ஒட்டிய கொம்பா என்று எப்படி அறிவார்?

தாய்லாந்து மொழியிலும் எழுத்துக்கு முன்னால் வரும் உயிர்க்குறிகள் உண்டு. ஆனால் அம்மொழிக்கு ஒருங்குறியில் கண் காணும் வரிசையே சேமிக்கும் வரிசையாக அமைந்துவிட்டது. அவர்களுக்கு இத்தொல்லை இல்லை. அகரவரிசைப்படுத்தும்போது அவர்களுக்கு வேறு தொல்லை.

ரோமன் எழுத்துகள் கொட்டும் கோப்புகளின் கதை இன்னும் பழையது. ஒருங்குறி பரவுவதற்கு முன், ரோமன் எழுத்துகளுக்கு உரிய எண்களிலேயே தமிழ் வடிவங்களை அமைத்து எழுத்துருக்கள் செய்தனர். 'பாமினி' எழுத்துருவில் 'தமிழ்' என்று காண வேண்டுமானால் ஜே, கே, பி, ஓ ஆகிய நான்கு சிறிய ரோமன் எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும் தட்ட வேண்டும். கோப்பில் சேர்வதும் அவையே. கணிப்பொறியின் பார்வையில் அங்கே தமிழ் என்றுமே இருந்ததில்லை. தமிழ் வேடமிட்ட ரோமன் எழுத்துகளே இருந்தன. ஒவ்வோர் எழுத்துரு ஆக்குநரும் தம் விருப்பப்படி எண்களை ஒதுக்கியதால், 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு பொதுத்தரம் வகுக்க வேண்டியதாயிற்று. அதற்குள் ஏராளமான பக்கங்கள் அச்சேறிவிட்டன. அன்றைய தேவைக்கு அது கைகொடுத்த உத்தி. குறை கூறுவது எளிது.

மறைத்தவை வெளிப்படுதலும் இல்லாதவை தோன்றுதலும்

காண்பது வேறு, இருப்பது வேறு என்ற இத்தன்மை தமிழுக்கு மட்டும் உரியதன்று. 2005-இல் பாக்தாதில் இத்தாலிய உளவு அதிகாரி நிக்கோலா கலிபாரி கொல்லப்பட்டது குறித்து அமெரிக்க இராணுவம் ஓர் அறிக்கை வெளியிட்டது. இரகசியப் பகுதிகள் கறுப்புப் பட்டையால் மறைக்கப்பட்டிருந்தன. வாசகர்கள் அப்பகுதிகளை நகலெடுத்து ஒட்டினர். மறைத்த பெயர்கள் முழுவதும் வந்துவிட்டன. காரணத்தை இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். 'இந்த எழுத்துகளை வை' என்ற கட்டளை கோப்பில் அப்படியே இருக்க, அதன்பின் 'இங்கே கறுப்புக் கட்டம் வரை' என்ற கட்டளை மட்டும் சேர்ந்தது. 2019-இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றில் வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த ஆவணத்திலும் இதே தவறு நேர்ந்தது. தாளில் பூசிய மை எழுத்தை மூடும். கோப்பில் வரைந்த கட்டம் கண்ணை மட்டுமே மூடும்.

'அப்படியானால் தாளை வருடிப் படமாகவே வைத்துக்கொள்வோமே' என்று உங்களுள் சிலர் கேட்கலாம். 2013-இல் ஜெர்மானியக் கணிப்பொறி அறிஞர் டேவிட் கிரீசல் கண்டதைக் கேளுங்கள். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பொறியொன்றில் வருடிய கட்டட வரைபடத்தில் மூன்று அறைகளுக்கும் 14.13 சதுர மீட்டர் என்று ஒரே அளவு இருந்தது. மூலத்தாளில் 14.13, 21.11, 17.42 என்று மூன்று வேறு அளவுகள்! கோப்பைச் சுருக்குவதற்காக, ஒன்றுபோல் தோன்றும் சிறு துண்டுப் படங்களுள் ஒன்றை மட்டும் சேமித்து மற்ற இடங்களிலும் அதையே ஒட்டும் உத்தியை அப்பொறி கையாண்டது. வெவ்வேறானவற்றையும் ஒன்றென்று எண்ணிவிட்டது. எழுத்து மங்கியிருந்தால் ஐயம் எழும். இங்கோ தெளிவான, கூர்மையான, தவறான எண்கள். நிறுவனம் பின்னர் திருத்த மென்பொருள் வெளியிட்டது. அதற்கு முன் அப்பொறிகளில் வருடிய ஆவணங்களைப் பற்றி யார் என்ன சொல்ல முடியும்?

தமிழ்க் கோப்புகளின் குறைக்கு மருந்து இல்லாமல் இல்லை. வடிவங்களின் ஒரு தொகுதியைச் சுட்டி, 'இதன் உண்மையான எழுத்துகள் இவை' என்று கோப்பிலேயே எழுதிவைக்கும் வசதி 2001-இல் வந்த பிடிஎஃப் பதிப்பிலிருந்தே இருக்கிறது. கொம்பு, தகரம், கால் ஆகிய மூன்றையும் ஒரு சிமிழில் இட்டு, மேலே 'தோ' என்று சீட்டு ஒட்டுவதைப் போன்றது அது. கோப்பை ஆக்கும் மென்பொருள் அச்சீட்டை ஒட்ட வேண்டும். படிக்கும் மென்பொருள் அதை மதிக்க வேண்டும். மென்பொருள் எழுதும் தமிழ் மாணவர்களுக்கு இங்கே செய்வதற்கு நிறைய வேலை உண்டு.

நீங்கள் ஆய்வேடோ ஊர் நூலகத்துக்கான தொகுப்போ பிடிஎஃப் ஆக ஆக்கினால், வெளியிடுமுன் தோழி, படகோட்டி, மொழி, கௌதாரி, தை ஆகிய ஐந்து சொற்களை அதில் ஓர் இடத்தில் எழுதி, நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். ஐந்தும் சிதையாமல் வந்தால் அஞ்ச வேண்டியதில்லை. சிதைந்தால் வேறு மென்பொருளைக் கொண்டு ஆக்கிப் பாருங்கள். எதுவும் உதவாவிட்டால், தட்டச்சு செய்த மூலக் கோப்பையே பிடிஎஃப் கோப்புக்குள் இணைப்பாக வைத்துவிடலாம். ஆவணக் காப்பகங்களுக்கென வகுத்த பிடிஎஃப் தரத்தின் மூன்றாம் பகுதி, 2012 முதல் எவ்வகைக் கோப்பையும் அப்படி உள்ளே வைக்க இடம் தருகிறது.